போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு டியூனிங் பெட்டி

போடிநாயக்கனூரிலிருந்து பூப்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்கு வாரத்தில் மூன்று நாளாவது நான் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் தொடங்கும் மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, நாலாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடுகிறது. என்னிடம் இருப்பது 2017ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப். ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டி ஆலையில் செய்யப்பட்ட இந்த வண்டியில் இருப்பது 2499 சிசி டீசல் எஞ்சின். 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பது கம்பெனிக் கணக்கு. சமவெளியில் இந்த எண்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பின்னால் ஐம்பது கிலோ ஃபாக்டம்பாஸ் மூட்டை பத்தும், உள்ளே நான்கு பேரும் இருக்க, வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்கித் திரும்பி நிமிரும் அந்த இடத்தில்தான் வண்டி இரண்டு மூன்று விநாடிகள் இழுக்காமல் நின்று யோசிக்கும். பின்னால் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வரும் ஜீப் ஒலிப்பானை அழுத்தும்போது அந்த மூன்று விநாடிகள் மிக நீண்டவையாக இருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்த தவறும் அதைத் திருத்திய விதமும் இதிலிருந்தே விளங்கும். வளைவில் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 1200 அளவுக்கு விழும்போது, காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் டர்போவைச் சுழற்றப் போதுமான புகைக்காற்று இருப்பதில்லை. டர்போ சுழலாததால் எஞ்சினுக்குள் போகும் காற்று குறைவு. காற்று குறைவாக இருக்கும்போது டீசலை அதிகம் விட்டால் கரும்புகை வரும் என்பதால், எஞ்சினை ஆளும் சிறு கணினியான ஈ.சி.எம். டீசலைத் தானே கட்டுப்படுத்திவிடுகிறது. போதாததற்கு மெட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே வண்டி யோசிப்பது பழுதினால் அல்ல. அளந்து செலவழிக்கும்படி அதற்குச் சொல்லப்பட்டிருப்பதால்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான், "மாமா, ஒரு பாக்ஸ் மாட்டுனா இழுவை எப்படி இருக்கும்னு பாருங்க" என்று தொடங்கிவைத்தான். எஞ்சினின் திறனை மென்பொருள் வழியாகக் கூட்டுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஈ.சி.எம்மில் எழுதப்பட்டிருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது, ரீமேப் என்கிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு, ராம் போன்ற பிக்கப்களுக்கு இதற்கென்றே கையடக்கக் கருவிகள் விற்கின்றன. அந்தக் கருவி கம்பெனிக் கணக்கை முதலில் தன்னுள் படியெடுத்துச் சேமித்துக்கொண்டு, அதன் பிறகே புதியதை எழுதும். அந்த வண்டியின் அடையாள எண்ணோடு தன்னைப் பிணைத்துக்கொள்வதால், பழைய கணக்கைத் திருப்பி எழுதாமல் அதை இன்னொரு வண்டிக்குப் பயன்படுத்த முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தளர்ந்தால் ஈ.சி.எம். உயிரற்றுப் போகலாம் என்பதால் சார்ஜர் இணைத்துவிட்டே இந்த வேலையைத் தொடங்குவார்கள். மற்றொரு வழி, ஈ.சி.எம்மைத் தொடாமல், அதற்குச் செய்தி கொண்டுபோகும் சென்சாருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சிறு டியூனிங் பெட்டியைச் செருகுவது. என் வண்டிக்கு நம்பிக்கையான ரீமேப் கோப்பு கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும் என்ற காரணத்துக்காகப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் பெட்டி செய்யும் காரியத்தை நேர்த்தமிழில் சொன்னால், அது பொய் சொல்கிறது. காமன் ரெயில் எஞ்சினில் டீசல் மிகுந்த அழுத்தத்தில் ரெயில் எனப்படும் ஒரு குழாயில் காத்திருக்கும். அதன் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து, சுமார் அரை வோல்ட் முதல் நாலரை வோல்ட் வரையிலான மின்னழுத்தமாக ஈ.சி.எம்முக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பெட்டி அந்த வோல்ட்டைச் சற்றுக் குறைத்துக் காட்டுகிறது. அழுத்தம் குறைந்துவிட்டது என்று நம்பிய ஈ.சி.எம்., பம்பை இன்னும் அழுத்தச் சொல்கிறது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாவிட்டாலும், அதிக அழுத்தத்தில் அதே நேரத்துக்குள் அதிக டீசல் உள்ளே போகிறது. இங்கே நினைவில் வைக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு: டீசலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகிறது, ஆகவே அழுத்தத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் டீசல் ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் ஏறும். இழுவையில் பெரிய மாற்றம் வேண்டுமென்று ஆசைப்பட்டால் அழுத்தத்தை வெகுவாக ஏற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமை முழுவதையும் பம்பும் இன்ஜெக்டர்களும்தான் தாங்கியாக வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. முதல்முறை மாட்டியபோது எதுவும் தெரியாது. விற்ற கடையிலேயே மாட்டித் தந்தார்கள். எஞ்சினை நிறுத்திய கையோடு, சென்சாரின் மின் இணைப்பான கப்ளரைக் கழற்றி, பெட்டியைச் செருகி, அதன் ஐந்து படிகளில் ஐந்தாவதில் திருப்பி வைத்து, பத்து நிமிடத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தேனியிலிருந்து போடி வரும் சாலையில் வண்டி உண்மையிலேயே வேறு வண்டியாக இருந்தது. மறுநாள் காலையில் உரமூட்டைகளோடு மலையேறினேன். நான்காவது வளைவிலிருந்து கண்ணாடியில் பின்சாலை தெரியாத அளவுக்குக் கரும்புகை. பதினொன்றாவது வளைவை முடித்து மிதித்தபோது மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி தன் பலத்தையெல்லாம் சுருக்கிக்கொண்டது. லிம்ப் மோட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த நிலையில், எவ்வளவு மிதித்தாலும் நடைவேகத்துக்குச் சற்று மேலேதான் ஊர்ந்தது. மிச்சமிருந்த ஆறு வளைவுகளையும் அப்படியே ஏறி, மெட்டில் தேநீர்க்கடை ஓரமாக நிறுத்தினேன். தோட்டத்துக்கு உரம் அன்று ஜீப்பில்தான் போனது.

ஈ.சி.எம். பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது வந்த குறியீடு பி 0087, அதாவது ரெயில் அழுத்தம் தேவையைவிடக் குறைவு. அழுத்தத்தைக் கூட்டுவதற்காக மாட்டிய பெட்டிக்கு அழுத்தம் குறைவு என்ற பிழை ஏன் வர வேண்டும் என்று இரண்டு நாள் குழம்பினேன். பெட்டி பொய் சொல்கிறது என்பதை நினைத்துப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது. பம்ப் தன்னால் முடிந்த உச்சம் வரை அழுத்திவிட்டது. ஆனால் அந்த உச்சத்தையும் பெட்டி குறைத்துத்தான் காட்டியது. கேட்ட அழுத்தம் வரவே இல்லை என்று முடிவுசெய்த ஈ.சி.எம்., எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளத் தன்னை ஒடுக்கிக்கொண்டது. ஸ்கேனரில் நான் பார்த்த அழுத்த எண்ணும் பெட்டி சொன்ன எண்தான், உண்மை எண் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த ஒன்றைத் தெரியாமல் பெட்டி மாட்டுகிறவர்கள் எல்லோரும், வண்டியை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு தாங்களும் ஏமாறுகிறார்கள்.

பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியின் உண்மை நிலையை அறிவதிலிருந்து தொடங்கினேன். எங்கள் ஊரில் நாற்பது வருடமாக டீசல் பம்ப் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், நான் பேசி முடிக்கும் முன்பே, "ஃபில்டர எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். எனக்கு நாள் நினைவில் இல்லை. ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்தபோது டீசலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. அறுத்துப் பார்த்த தாள் மடிப்புகள் கறுத்து ஒட்டிக்கிடந்தன. மூச்சு முட்டிக்கொண்டிருந்த பம்பிடம் நான் அதிக அழுத்தம் கேட்டிருக்கிறேன். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றினோம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து எண்ணெய் கசிந்திருந்த தடத்தைப் பெரியவர் விரலால் தொட்டுக் காட்டினார், அதையும் முடுக்கினோம்.

பிறகு அதே பத்து மூட்டை, அதே நான்கு பேர், பெட்டி இல்லாமல் மலையேறினோம். ஏழாம் வளைவின் பலகையிலிருந்து எட்டாம் வளைவின் பலகை வரை எடுக்கும் நேரத்தை அக்கா மகன் கைப்பேசியில் குறித்தான். ப்ளூடூத் ஸ்கேனர் வழியாக ரெயில் அழுத்தம், டர்போ அழுத்தம், தண்ணீர் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஆகிய நான்கையும் பதிவுசெய்தோம். பெட்டி வாங்குவதற்கு முன்பு அந்தத் தூரத்துக்கு 58 விநாடிகள் ஆனதை விளையாட்டாக ஒருமுறை குறித்து வைத்திருந்தோம், இப்போது 54. ஃபில்டருக்கும் கிளிப்புக்கும் செலவான தொகை பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை பெட்டியை நானே மாட்டினேன். அதைச் செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, கால் மணி நேரம் வண்டியைச் சும்மா விட வேண்டும். ரெயிலில் இருக்கும் அழுத்தம் இறங்கவும் ஈ.சி.எம். உறங்கவும் அந்த நேரம் தேவை. ஈ.சி.எம். உறங்காதபோது கப்ளரைக் கழற்றினால் அப்போதே பிழை பதிவாகிவிடும். கழற்றுவது மின் கப்ளரை மட்டுமே; டீசல் குழாயின் நட்டு எதையும் தொடவே கூடாது. ஓடும் எஞ்சினில் அந்தக் குழாய்க்குள் இருப்பது ஆயிரம் பாருக்கு (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேற்பட்ட அழுத்தமாக இருக்கலாம். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் செலுத்திவிடும், அப்படி நேர்ந்தால் வெளியில் சிறு புள்ளிதான் தெரியும் என்றாலும் அது அறுவை சிகிச்சை வரை போகும் காயம். கப்ளரின் பூட்டை நகத்தால் நெம்பாமல், அழுத்த வேண்டிய இடத்தை அழுத்தி, வயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரின் உடலைப் பிடித்து எடுக்க வேண்டும். பெட்டியின் இரண்டு முனைகளும் 'டக்' என்று பூட்டிய ஒலி கேட்டால்தான் இணைப்பு சரி. பெட்டியை டர்போவுக்கும் சைலன்சர் பக்கத்துக்கும் எட்டாத இடத்தில், பேட்டரியின் ஓரமாக, கப்ளர்கள் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினேன். எங்கள் மலையில் ஐப்பசி மழையில் பானெட்டுக்குள் ஏறும் ஈரம், மேல்நோக்கி நிற்கும் கப்ளருக்குள் போய் நிற்கும்.

முதல் படியில் வைத்து எஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிடம் நிறுத்தத்திலேயே ஓடவிட்டேன். சென்சாரின் சமிக்ஞை வயரில், காப்புறையைக் குத்திக் கிழிக்காமல், கப்ளரின் பின்புறத்திலிருந்து மெல்லிய முனையைச் செருகி மல்டிமீட்டரால் வோல்ட்டை அளந்தேன். சென்சார் பக்கத்தில் அளந்தால் உண்மை, ஈ.சி.எம். பக்கத்தில் அளந்தால் பெட்டியின் பேச்சு. 0 முதல் 2000 பார் வரை அளக்கும் சென்சார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 500 பார் கணக்கு. அரை வோல்ட்டைக் கழித்துவிட்டுப் பெருக்கினால் அழுத்தம் வந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் இருக்கும் வித்தியாசம்தான் அந்தப் படியின் உண்மையான அளவு. பெட்டியின் அட்டையில் போட்டிருக்கும் குதிரைத்திறன் எண்ணைவிட இந்த வித்தியாசத்தை நான் நம்பினேன்.

ஒரு படிக்கு ஒரு பயணம் என்று வைத்துக்கொண்டோம். ஒரே நாளில் ஐந்து படிகளையும் சோதித்துப் பார்த்தால் சூடேறிய எஞ்சினும் குளிர்ந்த எஞ்சினும் கலந்து கணக்கு குழம்பிவிடும். முதல் படியில் 53 விநாடி. இரண்டாவது படியில் 51, வளைவை விட்டு நிமிரும்போது இருந்த தயக்கம் பாதியாகக் குறைந்தது, பின்னால் வந்த ஜீப்காரர் புகை எதையும் பார்க்கவில்லை என்றார். மூன்றாவது படியில் 50. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வீச்சுக் கரும்புகை, பன்னிரண்டாம் வளைவுக்குப் பிறகு கிளட்ச் கருகும் வாசனை, தண்ணீர் வெப்பம் வழக்கத்தைவிட நான்கு டிகிரி அதிகம். ஒரு விநாடி லாபத்துக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை என்று இரண்டாவது படியில் நிறுத்திக்கொண்டேன். கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல். கொடுத்த காசு கறுப்பாகப் போவதை வீரம் என்று நினைத்து மகிழ்கிறவர்களை எங்கள் மலைச்சாலையில் அடிக்கடி பார்க்கிறேன், அவர்களுக்குப் பின்னால் திறந்த ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறேன். அதிக டீசல் எரியும்போது சைலன்சர் பக்கத்துப் புகையின் வெப்பமும் ஏறும். அது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட ஏற்றத்தில் நிலைத்தால் டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் கேடு. அதை அளக்கும் கருவி என்னிடம் இல்லாதபோது மேலே போகாமலிருப்பதே சரியென்று பட்டது. பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அவற்றில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. கூடுதல் கரி அதைத்தான் முதலில் அடைக்கும்.

மைலேஜ் கூடும் என்ற விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாஷ்போர்டில் காட்டும் சராசரி கூடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கணக்கைப் போடுவது ஏமாற்றப்பட்ட ஈ.சி.எம்.; உள்ளே போகும் கூடுதல் டீசல் அதற்குத் தெரியாது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி நான் போட்ட கணக்கில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

ஏழு மாதம் இரண்டாவது படியிலேயே ஓட்டினேன். புகைச் சோதனைக்குப் பெட்டியைக் கழற்றாமலே கொண்டுபோய், அதை மாட்டியிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன், பி.எஸ்.4 டீசலுக்கான 1.62 என்ற வரம்புக்குள்தான் அளவு இருந்தது. அதோடு மனம் அமைதியாகியிருக்கலாம். வருடக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோதுதான் சட்டத்தைப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிறு பெட்டிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று எனக்குத் தெரிந்த பலரும் சொன்னார்கள். எனக்கு அப்படி நினைக்க மனம் வரவில்லை, ஆகவே காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். மாற்றம் பதிவுச் சான்றில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் விபத்துக் காலத்தில் கோரிக்கையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்று பதில் வந்தது. வாரத்தில் மூன்று நாளாவது நான்கு பேரை உட்காரவைத்துக்கொண்டு, ஒரு பக்கம் பள்ளமான சாலையில் ஏறுகிறவன், அந்தப் பதிலைப் படித்த பிறகு வேறு முடிவு எடுக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றினேன். கால் மணி நேரம் காத்திருந்து, பூட்டை அழுத்தி, கம்பெனிக் கப்ளரைச் சென்சாரில் நேராகச் செருகினேன். ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லை. ரெயில் அழுத்தம் இனி உண்மை எண். "அவ்வளவு செலவழிச்சது வீணாப் போச்சே மாமா" என்று அக்கா மகன் வருத்தப்பட்டான். மறுநாள் பத்து மூட்டையோடு ஏறியபோது ஏழாம் வளைவிலிருந்து எட்டாம் வளைவுக்கு 54 விநாடி ஆனது. வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கி, சுற்றை 1500க்குக் கீழே விழவிடாமல் திரும்பிப் பார் என்று பம்ப் வேலை பார்க்கும் பெரியவர் சொன்னதை அடுத்த பயணத்தில் செய்தேன், 52 விநாடி. பெட்டி இப்போது தோட்டத்து ஸ்டோரில், கப்ளர்களுக்குள் ஈரம் ஏறாதபடி ஏலக்காய்ப் பை ஒன்றில் சுற்றிக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஸ்கேனரை மட்டும் வண்டியிலேயே வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதே இரண்டு வளைவுகளுக்கு நடுவில் ரெயில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்கிறேன், டீசல் ஃபில்டர் மாற்றிய நாளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.